விரல் ரேகை பிள்ளையின் ஆர்வத்தைச் சொல்லாது

"பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்தால் பிள்ளையின் பிறவி ஆர்வம் தெரிந்துவிடும்" என்ற செய்தி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

ரேகை கர்ப்பத்தின் 10ஆவது வாரம் தாண்டி உருவாகத் தொடங்கி, 6ஆம் மாதத்துக்குள் நிலைத்துவிடும். ஒரே கருமுட்டையிலிருந்து உருவான இரட்டையருக்கே அது வேறுபடும். டவுன் சிண்ட்ரோம் போன்ற சில கோளாறுகளில் ரேகை அமைப்பு மாறுவது உண்மைதான். அதை ஆர்வத்துக்கும் நீட்டுவதற்கு ஆதாரம் கிடையாது. அறிவுத்திறன் ஒன்றல்ல, பல வகை என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டையும் இந்த ஸ்கேனை ஆதரிப்பவர்கள் துணைக்கு இழுக்கிறார்கள். அதில் ரேகைக்கு இடமே இல்லை.

பிள்ளையின் ஆர்வத்தை அறிய ஒரு நோட்டு போதும். நாலு வாரம், தினம் அரைமணி நேரம், டிவி, போன் இல்லாமல் பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். என்ன செய்தது, எத்தனை நிமிடம், சரியாக வராதபோது திரும்ப முயன்றதா என்று எழுதுங்கள். கேள்விகளையும் எழுதுங்கள், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலேயே. தோப்பில் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பழைய குழாய்த் துண்டுகளும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுங்கள். உடனே ரோபோடிக்ஸ் வகுப்பில் சேர்க்காதீர்கள். வேறொருவர் பாடத்திட்டத்தில் அதன் கேள்வி தொலைந்துபோகும்.

பரிசு ஆசையும் காட்டாதீர்கள். 1973இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வரைவதில் ஆர்வமுள்ள மழலையரில், சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தவர்கள் பின்னர் மற்றவர்களைவிடப் பாதி நேரமே தாமாக வரைந்தார்கள்.