பெரியவர்களைக் கேலி செய்யவும் ஆள் வேண்டும்

வயதானவர்களுக்குச் சிரிப்பே மருந்து என்று வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் வருகிறது. மருந்தா என்பது சந்தேகம்தான். நோர்வேயில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏழு ஆண்டுகள் கவனித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நகைச்சுவை உணர்வு மிகுந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தது உண்மை. அந்த அனுகூலம் 65 வயதுக்கு மேல் மங்கிவிட்டது. ஆக, ஆயுளைக் கூட்டிக்கொள்ள எழுபதுக்காரர் சிரிக்க வேண்டியதில்லை. பூங்காவில் கையைத் தூக்கி 'ஹாஹா' என்று பயிற்சி கொடுக்கிறார்களே, அது எனக்கு ஒட்டவே ஒட்டாது. (போகட்டும், கைக்காவது வேலை.)

நெல்லைப் பக்கத்தில் யாரையாவது வம்புக்கு இழுத்தால்தான் சிரிப்பே வரும். குறுக்குத்துறைப் படித்துறையில் ஒருவர் முழங்காலைப் பிடித்தபடி படிப்படியாக இறங்குவார். தண்ணீரில் நிற்கும் மச்சினர் விடமாட்டார்.

"என்ன வே, ஆற்றுக்கு வருகிறீரா, பெண் பார்க்க வருகிறீரா? இவ்வளவு அன்னநடை!"

"ஒருமுறை உம்ம வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து பட்டது போதாதா?"

மூட்டுவலி குறைந்திருக்காது. ஆனால் அது ஒரு பேச்சுப்பொருளாகிவிட்டது. வலிக்காரர் திருப்பியும் கொடுத்துவிட்டார். முறைக்காரர்களுக்குள் இந்த உரிமையைக் கொடுத்துவைத்த முன்னோர் கெட்டிக்காரர்கள்.

எல்லாக் கேலியும் நல்லதல்ல. கனடா உளவியலாளர் ராட் மார்ட்டின் குழுவினர் 2003இல் நகைச்சுவையை நான்கு விதமாகப் பிரித்தார்கள். பிறரோடு ஒட்டவைப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னையே மட்டம்தட்டிக்கொள்வது. கடைசி வகை மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்படுகிறது. "நான் செல்லாக்காசுதானே" என்று தாத்தா சிரித்தால் கூடச் சிரிக்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

என் ஆதங்கம் வயதான அப்பாவைச் சென்னைக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள் மேல்தான். பாசத்தில் குறையில்லை. பிரஷர் கருவி, கிழமை போட்ட மாத்திரை டப்பா, தனி அறை எல்லாம் உண்டு. ஆனால் அந்த வீட்டில் அவரை 'வே' என்று கூப்பிட ஒரு நாதி கிடையாது. "அப்பா, மாத்திரை போட்டீர்களா?" என்பதற்கு என்ன எதிர்ப்பேச்சு பேச முடியும்? மரியாதை கூடக்கூட மனிதர் ஊமையாகிறார்.

ஆனித் தேரோட்டத்துக்கு அழைத்து வந்தால் மறுநாளே காரில் ஏற்றாதீர்கள். ஒரு வாரமாவது ஊரில் விட்டுவிட்டுப் போங்கள். டப்பாவை முறைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தால் போதும். ஒரு வேளை மாத்திரை தவறினால் படித்துறை முழுக்கச் சொல்லிவிடுவார்.