வலையை அறுத்த கேப்டன்

கடலோரக் காவல் படை அதிகாரி ஒருத்தர் எத்தனை படகைப் பிடித்தார் என்று செய்தி வருகிறது. சண்டை முற்றின கடலில் எத்தனை உயிர் போகாமல் பார்த்துக்கொண்டார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஐஸ்லாந்து கடலோரக் காவல் படை கேப்டன் குட்முண்டுர் கியார்னெஸ்டட்டைப் பற்றி காசிமேட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1923-ல் பிறந்தவர். ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 1958-ல் 12 கடல் மைல், 1972-ல் 50, 1975-ல் 200 என்று தள்ளிக்கொண்டே போனது. மீனை விட்டால் அந்த நாட்டுக்கு அப்போது பெரிய பிழைப்பு இருக்கவில்லை. அங்கே மீன்பிடித்துவந்த பிரிட்டன், தன் டிராலர்களுக்கு, அதாவது இழுவலைக் கப்பல்களுக்கு, துணையாகப் போர்க்கப்பலையே அனுப்பியது. ஐஸ்லாந்திடம் கடற்படை இல்லை, சில ரோந்துக் கப்பல்கள்தான்.

1972 செப்டம்பர் 5. எல்லைக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்த டிராலர் ஒன்று பேரும் நம்பரும் காட்டவில்லை. கியார்னெஸ்டட் அதன் பின்னால் குறுக்கே போய், தண்ணீருக்கடியில் இழுத்துவந்த வெட்டுக்கருவியால் வலையின் இழுப்புக் கம்பியை அறுத்துவிட்டார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. வலை இல்லாத டிராலருக்கு அங்கே என்ன வேலை?

மனுஷன் சாது இல்லை. 1973 மே மாதம் எவர்டன் என்ற டிராலரை பீரங்கியால் சுட்டு ஓட்டை போட்டார். 1976 மே 6-ல் ஃபால்மவுத் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மோதி அவர் கப்பல் கவிழப் பார்த்தது. அப்படியும் அந்தச் சண்டைகளில் உறுதியாகத் தெரிந்த சாவு ஒன்றே ஒன்று: மோதலில் அடிபட்ட கப்பலைச் சரிசெய்யும்போது மின்சாரம் தாக்கிய ஐஸ்லாந்து இன்ஜினியர்.

வலை அறுப்பது சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். மீன்பிடித் துறைமுகத்தில் வெயிலில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி, ஊசியும் நைலான் நூலுமாக ஒவ்வொரு கண்ணாகத் தைக்கிற பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் வலி தெரியும். அது பெரும்பாலும் கடன் வாங்கிப் போட்ட வலை. ஆனாலும் கிழிந்த வலையைத் தைக்கலாம். பாக் நீரிணையில் குண்டடிபட்டுப் போன நம்ம ஆட்களை யார் திருப்பித் தருவது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம்ம ஆட்களுக்கே கோபம் வரும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதை மீறி உள்ளே வந்து இழுத்தால், எண்ணூர் பைபர் படகுக்காரருக்கு நாம்தான் பிரிட்டன். யாழ்ப்பாணத்து மீனவருக்கும் அப்படியே. அவரும் தமிழில்தான் அழுகிறார்.

1976-ல் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. அடி விழுந்தது அந்த நாட்டின் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன்பிடித் தொழிலாளிக்கு. அவர்களுக்கு நஷ்ட ஈட்டுத் திட்டம் வந்தது 2000-ல். அதற்குள் எத்தனை பேர் செத்துப்போயிருப்பார்கள்!

அதனால்தான் கேட்கிறேன். எல்லை தாண்டினால் படகு மேல் வழக்குப் போடுங்கள், முதலாளியைக் கூப்பிட்டு விசாரியுங்கள். பங்குக்குத் தொழிலுக்கு வந்தவனை மாசக்கணக்கில் சிறையில் வைக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தியாவும் இலங்கையும் பேச உட்காரும்போது முதலில் இதைப் பேசட்டும்.