பழைய கார் என்பதாலேயே வரி கூடுவதில்லை

பிரிட்டனில் காரின் வயது ஏற ஏறச் சாலை வரியும் ஏறுகிறது என்றும், அதனால் புதுக் கார் வாங்க வசதியற்றவர்களே அதிகம் செலுத்துகிறார்கள் என்றும் பலர் சொல்கிறார்கள். ஆதங்கம் புரிகிறது, ஆனால் விதி அப்படி இல்லை. வயதுக்கென்று அங்கே தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. கார் முதன்முதலில் பதிவான தேதியே அதற்கு எந்த முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2001 மார்ச் 1-க்கு முன் பதிவானவற்றுக்கு எஞ்சின் அளவும் (1549 சிசி எல்லை), அன்று முதல் 2017 மார்ச் 31 வரை பதிவானவற்றுக்குக் கரியமில வாயு உமிழ்வும் அடிப்படை. அதற்குப் பின் வந்தவற்றுக்கோ முதல் ஆண்டில் மட்டுமே உமிழ்வு பார்க்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து சிறிய காருக்கும் பெரிய காருக்கும் ஒரே நிலையான கட்டணம்தான் (விலை மிக அதிகமுள்ளவற்றுக்குச் சில ஆண்டுகள் கூடுதல் தொகை உண்டு). ஆகவே கிலோமீட்டருக்கு 99 கிராம் உமிழும் பெட்ரோல் கார் 2016-இல் பதிவாகியிருந்தால், 2025 ஏப்ரலில் தொடங்கிய ஓராண்டுக்கான கட்டணப்படி 20 பவுண்டு. அதே கார் 2017 மே மாதம் பதிவாகியிருந்தால் 195 பவுண்டு. இங்கே பழையதே குறைவாகச் செலுத்துகிறது. இது நியாயமா என்று தாராளமாக வாதிடலாம், ஆனால் அது வேறு வாதம். நாற்பது ஆண்டைக் கடந்த வாகனங்களோ, உரிமையாளர் விண்ணப்பித்தால், பெரும்பாலும் வரிவிலக்கே பெறுகின்றன.

சரிபார்க்க விரும்புவோர் வாகனப் பதிவுச் சான்றிதழில் 'பி' என்ற கட்டத்தில் முதல் பதிவுத் தேதியையும், 'வி.7' என்ற கட்டத்தில் உமிழ்வு அளவையும் பார்த்து, பிரிட்டிஷ் அரசின் இணையதளத்திலுள்ள கட்டண அட்டவணையோடு ஒப்பிடலாம்.