"கொஞ்சம் உள்ளே வாங்க சார்": கடை வாசலில் பீப் அடித்தால் யாருக்கு என்ன உரிமை?

பல சூப்பர் மார்க்கெட்டுகளில் பில்லிங் கவுண்ட்டருக்கு மேலே ஒரு போர்டு தொங்கும்: "திருடுபவர்களிடம் பொருளின் விலையைப் போல் பத்து மடங்கு அபராதம் வசூலிக்கப்படும்." அந்த போர்டுக்குச் சட்டத்தில் நயா பைசா மதிப்பு கிடையாது. அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை. திருடாத ஒருவரைப் பிடித்து வைத்து, "கட்டலேன்னா போலீஸ், உங்க ஆபீஸுக்கும் சொல்லிடுவோம்" என்று பயமுறுத்தி வாங்கினால் அதற்குப் பெயர் மிரட்டிப் பணம் பறித்தல். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308, ஏழு ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டுக்கு, பிரிவு 303-ல், முதல் முறைக்கு மூன்று ஆண்டுதான் உச்சம். வாடிக்கையாளரைத் திருடன் என்று சொல்லிப் பத்து மடங்கு கேட்கிற மேனேஜர், தான் சாட்டும் குற்றத்தைவிடப் பெரிய குற்றத்தில் கால் வைக்கிறார். பெரும்பாலும் அது அவருக்கே தெரியாது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில், சந்தேகத்துக்குரிய வாடிக்கையாளரை நியாயமான நேரம் நிறுத்தி விசாரிக்கக் கடைக்காரருக்கென்றே தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. யூனிஃபார்ம் போட்ட செக்யூரிட்டிக்கும், தெருவில் போகிற எவருக்கும் இருப்பது ஒரே அதிகாரம்தான். அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 40-ல் இருக்கிறது (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43, 2024 ஜூலை 1 முதல் புது எண்). ஒரு குற்றம் தன் கண்ணெதிரே நடக்க வேண்டும். அது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தனிநபர் ஒருவரைப் பிடிக்கலாம். பிடித்ததும் தேவையற்ற தாமதம் இல்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். "ஆறு மணி நேரம் வெச்சிருக்க சட்டத்துல இடமிருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு மணி என்பது கடைசி எல்லை. போலீஸ் வந்து பார்த்து, குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இல்லையென்றால் உடனே விட்டுவிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இதில் "கண்ணெதிரே" என்பதுதான் அச்சாணி. பீப் சத்தம் கண்ணெதிரே நடந்த குற்றம் ஆகாது. "அந்த அக்கா பையில எதையோ போட்ட மாதிரி இருந்துச்சு" என்று இன்னொரு ஊழியர் சொன்னதும் ஆகாது.

ஐயாயிரம் ரூபாய்க் கணக்கு ஒன்றும் உண்டு. திருடிய பொருளின் மதிப்பு ஐயாயிரத்துக்குக் கீழே, முதல் முறை, பொருளையோ விலையையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால், 303-ன்படி தண்டனை சமுதாய சேவை மட்டுமே. அதை வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றமாகத்தான் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணை வகைப்படுத்துகிறது. அப்படியென்றால் முந்நூறு ரூபாய் ஃபேஸ் க்ரீமுக்காகத் தனிநபர் பிடிக்கும் அதிகாரமே கேள்விக்குரியது. ஆனால் இதை வாசலில் நின்று செக்யூரிட்டியிடம் வாதாடாதீர்கள். பொருள் வைத்திருக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று சொல்லி பிரிவு 305-ஐப் போட வழி உண்டு. அது ஏழு ஆண்டு, ஜாமீனில் விட முடியாதது. இந்த வாதமெல்லாம் வக்கீலுக்கு.

இப்போது அந்த பீப்புக்கு வருவோம். வாசலில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு நீங்கள் யார், என்ன வாங்கினீர்கள், பணம் கட்டினீர்களா என்று எதுவும் தெரியாது. பொருளில் மாட்டியிருக்கும் திருட்டுத் தடுப்பு டேக், இன்னும் செயலிழக்காமல் உயிரோடு, பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். பரவலாக இருப்பவை இரண்டு வகை: 58 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்வது ஒன்று, 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது இன்னொன்று. முதல் வகையில் சின்ன பிளாஸ்டிக் பட்டைக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். கவுண்ட்டரில் உள்ள பேட் மீது தேய்த்தால் அதன் காந்தத்தன்மை போய் டேக் செத்துவிடும். இரண்டாவது, ஸ்டிக்கருக்குள் சுருள் போல ஓடும் மெல்லிய சுற்று. பேட் அதைப் பழுதாக்கிவிடும். கூட்ட நேரத்தில் கேஷியர் நான்கு பொருளை ஒன்றாக அடுக்கி ஒரே தேய்ப்பில் தள்ளிவிட்டால் மேலே இருக்கும் டேக் சாகாது. ஷூவுக்குள், அட்டைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் டேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஜவுளிக்கடையில் சுடிதார் செட்டில் டாப்ஸில் இருக்கும் ஹார்ட் டேக்கைக் கழற்றிவிட்டு துப்பட்டாவில் இருப்பதை மறந்துவிடுவார். 8.2 வகை ஸ்டிக்கர்கள் சில, செத்த பிறகும் மடங்கி நசுங்கி மறுபடி உயிர் பெறும். போன மாதம் வேறு கடையில் வாங்கிய பர்ஸுக்குள் இருக்கும் டேக் இந்தக் கடைக் கதவில் கத்தும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெளியே போனால் யாருக்காகக் கத்தியது என்பதை அந்தத் தூண் சொல்லாது. செக்யூரிட்டி, ஆளையும் உடுப்பையும் பார்த்து முடிவு செய்வார். என்னைக் கேட்டால் அநியாயத்தில் பாதி இங்கேதான் நடக்கிறது.

ஆகவே, உள்ளே நுழையும்போதே பீப் அடித்தால் சும்மா போய்விடாதீர்கள். அப்போதே நின்று, "இது என் பர்ஸ், பாருங்க" என்று காட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அதே பீப் அடித்தால் அந்தப் பத்து விநாடி உங்களுக்குச் சாட்சி.

பில் சரிபார்ப்பிலும் இதே கதை. ஒரே சோப்பு மூன்று எடுத்தால், ஒன்றை ஸ்கேன் செய்து அளவை மூன்று என்று தட்டுவார்கள். விரல் தவறி இரண்டு என்று விழும். காய்கறி எடை ஸ்டிக்கர் உரிந்து விழுந்திருக்கும். ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்ற பொருளில் இலவசம் பில்லில் ஏறியே இருக்காது. கதவருகே பொருட்களை எண்ணுபவருக்கு இதெல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: "கூட ஒண்ணு இருக்கு." திருட்டு என்றால் நேர்மையற்ற நோக்கம் வேண்டும். தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த அரிசிப் பையை பில் போட மறந்தது திருட்டு ஆகாது. அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், "விட்டுப்போச்சு, பில் போடுங்க" என்று சொல்லுங்கள். குழந்தை கையில் சாக்லேட் இருந்தாலும் அப்படியே. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றமே இல்லை. அதற்காகக் குழந்தையை அதட்டி அழவைக்கும் ஊழியரைச் சும்மா விடத் தேவையில்லை.

சரி, நிறுத்திவிட்டார்கள். ஓடாதீர்கள், கத்தாதீர்கள். முக்கியமாக, உள்ளே போகாதீர்கள். "கொஞ்சம் உள்ளே வாங்க, பேசிக்கலாம்" என்று கூப்பிடும் அந்தப் பின்னறையில் பெரும்பாலும் கேமரா இருக்காது, சாட்சி இருக்காது. வாசலிலேயே, கேமராவுக்குக் கீழே நில்லுங்கள். "நான் எங்கயும் போகல. என்ன எடுத்தேன்னு சொல்றீங்க? யார் பார்த்தாங்க? கேமராவைப் பார்த்துட்டு வாங்க, நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். போனில் வீடியோ ஓடட்டும். இங்கே வீடியோ எடுக்கக் கூடாது என்பது கடையின் விதியாக இருக்கலாம், உங்கள் போனைப் பிடுங்க அது யாருக்கும் அதிகாரம் தராது. கையைப் பிடித்தாலோ, வழியை மறித்தாலோ, கதவைச் சாத்தினாலோ நீங்களே 112-க்கு அடியுங்கள். போலீஸ் என்ற வார்த்தை கடையின் ஆயுதம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் பீப்பைத் தவிர கையில் ஒன்றும் இல்லாத மேனேஜருக்குத்தான் அது சங்கடம்.

பையைக் காட்டலாமா? கட்டாயம் இல்லை. தனியார் காவலாளிக்கு உங்கள் பையையோ உடலையோ சோதிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் தரவில்லை. உங்கள் சம்மதத்தில்தான் அது நடக்கும். ஆனாலும் பில் கையில் இருக்கிறது, மடியில் கனமில்லை என்றால், கேமரா முன்னால், நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டிவிடுவதே என் யோசனை. அவர்கள் கை உள்ளே போக விடாதீர்கள். சுடிதாரைத் தூக்கிக் காட்டு, இடுப்பைத் தடவிப் பார்க்கிறேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டும் என்றால் போலீஸே ஆனாலும் பெண் காவலர்தான், அதுவும் கண்ணியமாகத்தான் செய்ய வேண்டும். கடையில் ஓர் ஆண் கை வைத்தால், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிப்பதற்கான நியாய சன்ஹிதா பிரிவு 74 வரை போகும்.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "தெரியாம எடுத்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க, விஷயம் முடிஞ்சுது" என்பார்கள். அங்கே விஷயம் முடியாது, ஆரம்பிக்கும். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் அவர்கள் நீட்டும் முதல் காகிதம் அதுதான். பயமுறுத்தி வாங்கிய ஒப்புதலை நீதிமன்றத்தில் உடைக்கலாம், ஆனால் உடைக்கும் பாடு உங்களுடையது. பணமும் கொடுக்காதீர்கள். பிள்ளையோ முதியவரோ கூட இருந்து வேறு வழியே இல்லை என்றால் ரொக்கம் வேண்டாம். ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் "கட்டாயத்தின் பேரில்" என்று எழுதுங்கள்.

வெளியே வந்ததும் முதல் வேலை கேமரா பதிவு. கடைகளின் டிவிஆரில் பல இடங்களில் 15 முதல் 30 நாளுக்குள் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அன்றைக்கே கடைக்கும் அதன் தலைமை அலுவலகத்துக்கும் மெயில் அனுப்புங்கள்: தேதி, மணி, எந்த வாசல், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை உள்ள பதிவை அழிக்கக் கூடாது என்று. அதன் பிறகும் அழிந்துபோனால் அது அவர்களுக்கு எதிராகப் பேசும். செக்யூரிட்டியின் பெயரையும் ஏஜென்சியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி அவருக்குப் புகைப்பட அடையாள அட்டை இருக்க வேண்டும்.

புகாரில் நியாய சன்ஹிதாவின் பிரிவு 126, 127 இரண்டும் வரட்டும். வழியை மறித்தது 126. அறையில் அடைத்து வைத்தது 127, ஓராண்டு வரை சிறை. இரண்டுக்கும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். ஸ்டேஷனில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள், அதையாவது வாங்காமல் வராதீர்கள். நகரவில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4)-ன்படி எஸ்.பி.க்கு, நகரங்களில் கமிஷனர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையவில்லை என்றால் 175(3)-ன்படி மாஜிஸ்திரேட். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், எண் 15100.

உங்கள் படத்தை "இவரைக் கண்டால் உஷார்" என்று கடைச் சுவரில் ஒட்டினாலோ, வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாலோ அது தனியாக அவதூறு, பிரிவு 356. ஸ்க்ரீன்ஷாட்டில் தேதியும் குரூப் பெயரும் தெரியட்டும்.

கடைத் தரப்பு கடைசியில் சொல்லப்போவது "நல்லெண்ணத்தில் செய்தோம்" என்பதுதான். சட்டம் நல்லெண்ணத்துக்குப் போட்டிருக்கும் நிபந்தனை, உரிய கவனமும் அக்கறையும். பில்லைப் பார்த்தார்களா, கேமராவை ஓட்டிப் பார்த்தார்களா, எல்லார் முன்னாலும் "திருடி" என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்களா என்பதில்தான் வழக்கு நிற்கும். வாசலில் நீங்கள் எடுத்த வீடியோ அப்போதுதான் பேசும். ஸ்டாக் குறைந்தால் ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும் கடைகளில் செக்யூரிட்டி ஏன் பதறுகிறார் என்பதும் புரிகிறது. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு வாடிக்கையாளர் விலை கொடுக்க முடியாது.

நுகர்வோர் ஆணையம் போக வேண்டுமானால் பில் அவசியம். ஏதாவது வாங்கியவர்தான் சட்டப்படி நுகர்வோர். வெறுங்கையோடு வெளியே வந்தவருக்கு அந்தக் கதவு திறப்பது கடினம், அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில், வாங்கிய தொகை ஐந்து லட்சம் வரை மனுக்கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கெடு இரண்டு ஆண்டு. சிவில் கோர்ட்டில் அவதூறுக்கும் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கும் நஷ்டஈடு கேட்க ஒரே ஆண்டுதான். போலீஸ் மனு விசாரணையில் இருக்கிறது என்பதற்காக அந்த ஓராண்டு நின்று காத்திருக்காது.