செங்கலடிக்குப் போகும் பைக்

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மாலை ஆறரை மணி. லயத்துக் (தொழிலாளர் வீட்டு வரிசை) கடைசிக் காம்பராவின் பக்கச் சுவருக்குப் போன வாரம்தான் வெள்ளையடித்திருக்கிறது. அதற்கு எதிரே, முன்பக்கக் காப்புக் கம்பியான கிராஷ் பாரில் புதிதாக இரண்டு மஞ்சள் லைட் மாட்டிய பைக்கோடு குமார் நிற்கிறான். கொழும்பில் வேலை, லீவுக்கு வந்திருக்கிறான். நாளை மறுநாள் விடியுமுன் மனைவியோடு மட்டக்களப்புக்குப் பயணம். சுவரின் சொந்தக்காரர் அவனுடைய தாய்மாமன், கட்டட வேலை செய்யும் மேசன் பாஸ். காதில் பென்சில் இல்லாமல் அவரைக் கல்யாண வீட்டில்கூட யாரும் பார்த்ததில்லை.

மாமா: என் சுவரில் என்னடா ஒட்டுகிறாய்?

குமார்: டேப் மாமா. லைட்டுக்கு மட்டம் வைக்கப் போகிறேன். ஐந்து நிமிஷ வேலை.

மாமா: ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் உன் அப்பன் என் ஏணியை வாங்கிப் போனான். நீ அப்போது பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடந்தாய்.

குமார்: ஏணி எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது மாமா. கோழி அதில்தான் தூங்குகிறது.

மாமா: சரி, பைக்கில் ஏற்கெனவே லைட் இருக்கிறதே, இது எதற்கு? கொம்பு முளைத்த மாதிரி.

குமார்: ஹெட்லைட் தூரத்துக்கு. இது பனிக்கு. அகலமாக, தாழ்வாக அடிக்கும், ரோட்டோரமும் தண்ணீர் ஓடுகிற கானும் தெரியும். ஒன்று 20 வாட், இரண்டும் சேர்ந்து 40.

மாமா: நாற்பது! மேல் கொத்மலை அணைக்கு நான் கொங்கிறீட் போட்டவன் தெரியுமா? 2012இல் திறந்தார்கள். 150 மெகாவாட். அந்தக் கையால் உன் நாற்பது வாட்டைப் பிடிக்கச் சொல்கிறாய்.

குமார்: பிடிக்க வேண்டாம் மாமா, பார்த்துச் சொன்னால் போதும்.

(அணை கட்டியவர் என்று மாமா சொன்னாலும், அவர் போட்டது அங்கே வேலைக்காரர்கள் தங்கிய கட்டடத்தின் படிக்கட்டு. ஆனால் கொங்கிறீட்தான். அதில் பொய் இல்லை.)

குமார்: முறை இதுதான். பைக்கைச் சமதரையில் நிறுத்த வேண்டும். லைட்டுக்கும் சுவருக்கும் நடுவே 25 அடி. லைட்டின் நடுப்புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைச் சுவரில் குறித்துக்கொண்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அதற்கு 4 அங்குலம் கீழே விழுகிற மாதிரி நட்டைத் திருப்ப வேண்டும். லைட் இரண்டடி உயரத்தில் இருக்கிறது. 25 அடிக்கு 4 அங்குலம் இறங்கினால், அந்த விளிம்பு 150 அடி தள்ளி ரோட்டைத் தொடும். எதிரே வருகிறவன் கண்ணில் படாது.

மாமா: முதலில் என்ன சொன்னாய்?

குமார்: 25 அடி.

மாமா: அதற்கு முன்னால்.

குமார்: சமதரை.

மாமா: (சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிடுகிறது) அடேய், இந்த மலையில் சோற்றைத் தட்டில் போட்டாலே குழம்பு ஒரு பக்கமாகத்தான் ஓடும்.

குமார்: காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களம் இருக்கிறதே.

மாமா: பார்வைக்குச் சமம். மழை பெய்யும்போது போய்ப் பார், தண்ணீர் கணக்கப்பிள்ளை நிற்கிற பக்கமாக ஓடும். அதை அப்படிச் சாய்த்துப் போட்டதே நான்தான்.

குமார்: கோயில் வாசல்?

மாமா: சமம்தான். ஆனால் 25 அடிக்கு எதிரே இருப்பது அம்மன். ஆத்தா முகத்தில் லைட் அடித்து, பிறகு 4 அங்குலம் கீழே இறக்கப் போகிறேன் என்று பூசாரியிடம் நீயே போய்ச் சொல்லு.

குமார்: ஸ்கூல் மைதானம்?

மாமா: அங்கே டாஸில் ஜெயித்தவன் மேல் பக்கத்துக் கோலைத்தான் கேட்பான். ஏன் என்று யோசி.

குமார்: அப்போ சமமான இடமே கிடையாதா?

மாமா: ஒன்று இருக்கிறது. துரை பங்களாப் புல்தரை. பந்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். அதைச் சமமாக்க உன் பாட்டனுக்குப் பாட்டன் எத்தனை நாள் உழைத்துப் பேர் போட்டானோ. அந்தக் கணக்கைச் சொல்லிக் கேட்டுப் பார், அரை மணி நேரம் விடுவார்களா என்று.

(கொஞ்ச நேரம் இருவரும் பைக்கைப் பார்க்கிறார்கள். பைக் சுவரைப் பார்த்து மூக்கைச் சாய்த்தபடி நிற்கிறது.)

மாமா: நகரு. மட்டக் குழாயை எடுத்து வருகிறேன்.

(உள்ளே போய் ஒரு சுருள் பிளாஸ்டிக் குழாயோடு வருகிறார். கண்ணாடிபோலத் தெரிகிற குழாய், உள்ளே தண்ணீர். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழிகளை மேலே ஏற்றி வெளியேற்றுகிறார். இந்த வேலையை அவர் செய்யும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. அத்தைகூட.)

மாமா: ஒரு முனையை லைட் நடுவில் பிடி. மற்றது சுவரில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் பள்ளமோ மேடோ, தண்ணீருக்குக் கவலை இல்லை. ஆட்டாதே!

குமார்: ஆட்டவில்லை மாமா, குளிர்.

மாமா: இந்தா, கோடு போட்டாயிற்று. அதற்குக் கீழே 4 அங்குலம். அதையும் போட்டாயிற்று. திருப்பு.

குமார்: பொறுங்கள். பயணத்தில் இருக்கும் பாரத்தோடுதான் பார்க்க வேண்டும். பின்னால் பாரம் ஏறினால் பின் ஷொக் அமுங்கும், மூக்குத் தூக்கும், வெளிச்சம் மேலே போய்விடும். பெட்டி இரண்டையும் நிரப்பிவிட்டேன். ஆள்தான் இல்லை.

மாமா: உன் பெண்டாட்டி எத்தனை கிலோ?

குமார்: அதைக் கேட்டால் நான் தனியாகத்தான் மட்டக்களப்புக்குப் போக வேண்டும்.

மாமா: உருளைக்கிழங்கு மூட்டை வைப்போமா?

குமார்: மூட்டை நேராக உட்காராது. நீங்களே ஏறுங்கள் மாமா.

மாமா: நானா? இந்த வயதிலா? சனம் பார்த்தால் என்ன நினைக்கும்? (ஏறிக்கொண்டே) காலை எங்கே வைப்பது?

(லைட் குமாரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பதால் உட்கார்ந்தபடியே குனிந்து எல் சாவியால் திருப்ப முடிகிறது. இரண்டு மஞ்சள் பட்டைகள் சுவரில் ஏறி இறங்கி, கீழ்க்கோட்டில் வந்து நிற்கின்றன.)

குமார்: அப்படியே இருங்கள், மூச்சுவிடாதீர்கள்... சரி. வாருங்கள், மேல் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம்.

மாமா: நான் இறங்கிக்கொள்கிறேன்.

குமார்: பாரத்தோடு பார்க்க வேண்டும் மாமா.

(கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். போன வேகம் வேறு, வந்த வேகம் வேறு. மேலே எங்கோ தகரம் தட்டும் சத்தம்.)

மாமா: ஏன்டா, அந்த பஸ்காரன் எதற்காக என் அம்மாவை விசாரித்தான்?

குமார்: வெளிச்சம் அவர் முகத்தில் அடித்திருக்கிறது.

மாமா: மேல் லயத்தில் ஏன் தகரம் தட்டுகிறார்கள்?

குமார்: பனிக்குள்ளே, ஆள் உயரத்துக்கு மேலே, இரண்டு மஞ்சள் வட்டம்...

மாமா: சிறுத்தை என்று நினைத்துவிட்டார்களா! போன மாதம்தான் நாயைத் தூக்கிக்கொண்டு போனது. கண்ணே இவ்வளவு பெரிசென்றால் உடம்பு எவ்வளவு இருக்கும் என்று கிழவிகள் கணக்குப் போட்டிருப்பார்கள்.

குமார்: மட்டத்தில்தான் எங்கோ பிழை மாமா.

மாமா: (இறங்கியபடி, மெதுவாக) யார் மட்டத்தில்?

குமார்: உங்கள் மட்டம் சரி. தண்ணீர் சரி. ஆனால் பைக் சரிவில் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. அந்தக் கோணத்தில் லைட்டை நேராக்கிவிட்டோம். சமமான ரோட்டுக்குப் போனதும் பைக் நிமிர்ந்தது, லைட்டும் கூடவே நிமிர்ந்துவிட்டது.

(மாமா பதில் சொல்லவில்லை. குழாயை எடுத்து, லைட்டுக்கு நேர் கீழே தரையையும் சுவரடித் தரையையும் அளக்கிறார். காதிலிருந்து பென்சில் இறங்குகிறது. புது வெள்ளைச் சுவரிலேயே கணக்கு நடக்கிறது.)

மாமா: 25 அடிக்கு 15 அங்குலம் இறக்கம். நாம் இறக்கியது 4. அப்போ மிச்சம் 11 அங்குலம் மேலே பார்த்துக்கொண்டு போயிருக்கிறது.

குமார்: ஆமாம். 150 அடியில் ரோட்டைத் தொட வேண்டிய வெளிச்சம், அங்கே 11ஐ ஆறால் பெருக்கி 66 அங்குலம், அதோடு லைட்டின் இரண்டடி. ஏழரை அடி உயரம்.

மாமா: ஏழரையா! அதுதான் சனி பஸ்காரன் வாயில் வந்து உட்கார்ந்தான்.

குமார்: இப்போ என்ன செய்வது?

மாமா: தளம் சாய்ந்திருந்தால் அதன் மேல் கதவு நிலையை அப்படியே நட்டுவிடுவோமா? சாய்ந்த பக்கத்துக்குக் கல் கொடுத்துத் தூக்குவோம். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே எவ்வளவு?

குமார்: 56 அங்குலம்.

மாமா: முந்நூறுக்குப் பதினைந்து என்றால் ஐம்பத்தாறுக்கு... இரண்டே முக்கால் சொச்சம். ஒரு செங்கல், அதன் மேல் ஒரு பலகைத் துண்டு. கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், அதை எடுத்து வா.

(முன் டயருக்கு அடியில் கல் ஏறுகிறது. மாமா குழாயின் முனைகளை இரண்டு டயர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிடித்துப் பார்க்கிறார். தண்ணீர் ஒரே கோட்டில் நிற்கிறது. அந்த நிமிஷத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் மேல் கொத்மலை அணையைத் தனியாகக் கட்டினார் என்றாலும் நம்பலாம்.)

மாமா: எந்த ரோட்டால் போகிறாய்?

குமார்: நுவரெலியா போய், அங்கிருந்து ஏ5 ரோடு. வெலிமடை, பதுளை, அப்புறம் நேராக மட்டக்களப்புக்குப் பக்கத்துச் செங்கலடி.

மாமா: பார்த்தாயா? செங்கலடிக்குப் போகிற பைக்குக்குச் செங்கல் அடியில் இருந்தால்தான் சரிவரும்.

(இந்த வசனத்துக்குக் குமார் சிரிக்கும்வரை மாமா குழாயை விடவில்லை. பழைய கோட்டை அழித்து, லைட்டின் புது உயரத்தில் கோடு, அதற்குக் கீழே 4 அங்குலம். மாமா ஏறுகிறார். குமார் குனிந்து திருப்புகிறான். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்து சுவரையே பாதி மறைத்துவிடுகிறது.)

மாமா: நல்ல நேரம் பார்த்து வந்தது. உன் பெரிய லைட்டைப் போடு பார்ப்போம்.

(குமார் ஹை பீம் போடுகிறான். எதிரே சுவரும் இல்லை, லயமும் இல்லை. எல்லாம் பால்.)

மாமா: இது லைட் இல்லையடா, வெள்ளையடிக்கிற வேலை.

குமார்: பனி என்பது தண்ணீர்த் துளிதானே மாமா. வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே திருப்பி அடிக்கிறது. அதனால்தான் இந்த லைட்டைக் கண்ணுக்குத் தூரமாக, கீழே மாட்டுவது. இப்போ பாருங்கள்.

(ஹை பீம் அணைகிறது. மஞ்சள் வெளிச்சம் பனிக்கு அடியில் புகுந்த மாதிரி தரையோடு பரவுகிறது. கானின் ஓரம், ஒரு ரப்பர் செருப்பு, அத்தை காலையில் தேடிய வாளி, எல்லாம் தெரிகின்றன.)

மாமா: மஞ்சள் பனியைக் கிழிக்கும் என்கிறார்களே, இதுதானா?

குமார்: கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை. பனித்துளிக்கு எல்லா நிறமும் ஒன்றுதான், எதையும் சிதறடித்துவிடும். மஞ்சள் கண்ணை அவ்வளவாகக் கூசாது, அவ்வளவுதான். பிரான்ஸில் 1993 வரை கார் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது.

மாமா: பிரான்ஸ்காரன் கிடக்கட்டும். லைட் கிராஷ் பாரில் இருக்கிறதே, ஹேண்டிலைத் திருப்பினால் இதுவும் திரும்புமா?

குமார்: திரும்பாது.

மாமா: அப்போ கொண்டை ஊசி வளைவில் நீ ஒரு பக்கம் திரும்புவாய், லைட் பள்ளத்தைக் காட்டும்.

குமார்: அகலமான வெளிச்சம், ஓரம் கொஞ்சம் தெரியும். மிச்சத்துக்கு ஹோர்ன், மெதுவாகப் போவது.

மாமா: அது லைட் இல்லாத காலத்திலும் இருந்ததுதானே.

குமார்: சரி மாமா, வேலை முடிந்தது. இறங்குங்கள்.

(மாமா இறங்குகிறார். பைக்கின் பின்பக்கம் பெருமூச்சுவிட்டு எழும்புகிறது. சுவரில் கோட்டைத் தொட்டு நின்ற மஞ்சள் பட்டை ஒரு சாண் கீழே இறங்கிவிடுகிறது. மாமா திரும்ப ஏறுகிறார். பட்டை கோட்டுக்கு வருகிறது. இறங்குகிறார். இறங்குகிறது.)

மாமா: எனக்கு 84 கிலோ. உன் பெண்டாட்டிக்கு?

குமார்: அதில் முக்கால்வாசிகூட இருக்காது.

மாமா: அப்போ இந்த மட்டம் எனக்குத்தான் சரி.

குமார்: ஷொக்கைக் கொஞ்சம் தளர்த்தி...

மாமா: தண்ணீர் பார்த்து வைத்த மட்டத்தில் இனிக் கை வைக்காதே. மட்டக்களப்பில் நண்டு நல்லா இருக்குமாம், இல்லையா?

குமார்: மாமா, சீட் இரண்டு பேருக்குத்தான்.

மாமா: அவள் பஸ்ஸில் வரட்டும். (செங்கலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிறார்) ஆனால் அந்த டிரைவர் ஓட்டாத பஸ்ஸாகப் பார்த்து ஏற்றிவிடு.