ஜேன் போலின் மேல் ஏற்றிய பழி

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரண்மனைக் கதையை யார் எடுத்தாலும், தொடரோ படமோ, அதற்கு ஒரு வில்லி தேவைப்படுகிறது. அந்த வேலை பெரும்பாலும் ஜேன் போலின் தலையில்தான் விழுகிறது. ராச்ஃபர்ட் சீமாட்டி என்றும் அவரைச் சொல்வார்கள். பொறாமையில் சொந்தக் கணவன் மேலேயே வாய் கூசும் பழியைச் சொல்லி, அவனையும் அவன் உடன்பிறந்தாள் ராணி ஆன் போலினையும் கொலைக்களத்துக்கு அனுப்பினாள். பிறகு இன்னொரு ராணிக்குக் கள்ளக்காதலனைக் கூட்டிவைத்து அவளையும் கெடுத்தாள். கடைசியில் புத்தி பேதலித்துத் தலையும் போனது. இவ்வளவுதான் நமக்குச் சொல்லப்படும் கதை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் அக்கா மகள் இதைக் கைப்பேசியில் பார்த்து முடித்துவிட்டு, "மாமா, இந்தப் பொம்பளைக்கு நல்லா வேணும்" என்றாள். எனக்கு இதில் துளிகூடச் சம்மதமில்லை. அவளிடம் சாப்பாட்டு மேசையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய பழி. 1536 மே 15 அன்று ஆனுக்கும், ஜேனின் கணவர் ஜார்ஜுக்கும் விசாரணை. 17ஆம் தேதி ஜார்ஜ் தலை போனது, 19ஆம் தேதி ஆன் தலை. உடன்பிறந்தார் உறவைக் கொச்சைப்படுத்தும் குற்றச்சாட்டைச் சொன்னது ஜேன்தான் என்று அந்த வாரத்தில் எழுதிய யாரும் பெயர் சொல்லி எழுதவில்லை. பேரரசர் சார்ல்ஸின் தூதர் சாப்புயி வம்பு ஒன்றைக்கூட விடாமல் எழுதி அனுப்புகிறவர். அவரே, ஜார்ஜுக்கு எதிராகச் சாட்சி என்று யாரையும் நிறுத்தவில்லை என்கிறார். லண்டனிலிருந்து தன் எஜமானருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஜான் ஹூசி, முதலில் குற்றம் சொன்னது வூஸ்டர் சீமாட்டி என்று பெயரோடு எழுதுகிறார். ஜேன் பெயர் அதில் இல்லை.

ஒன்றே ஒன்று அவர் பக்கம் கைகாட்டுகிறது. அரசருக்கு ஆண்மை போதவில்லை என்று ஆன் ஜேனிடம் சொன்னதாக ஒரு தாளில் எழுதி, சபையில் ஜார்ஜ் கையில் கொடுத்தார்கள். சத்தம் போட்டுப் படிக்காதே, ஆம் இல்லை என்று மட்டும் சொல் என்றார்கள். அந்த மனுஷன் உரக்கப் படித்துவிட்டார். (அந்த நிலைமையிலும் அப்படி ஒரு கொழுப்பு.) அந்தத் தகவல் ஜேன் வாயிலிருந்து வந்திருக்கலாம். அரசரின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆட்கள் உட்காரவைத்துக் கேட்டால் யார்தான் வாய் திறக்காமல் இருப்பார்கள்? ஆனால் அரசரைப் பற்றி ஆன் பேசியதைச் சொன்னது வேறு. கணவன் மேல் அந்த அசிங்கமான பழியைச் சொன்னது வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது பின்னால் வந்தவர்கள்.

பொறாமை என்கிறார்களே, அதற்கும் பிடிமானம் இல்லை. 1534இல் அரசர் கண் வேறொரு பெண் மேல் போனபோது, அவளை அரண்மனையை விட்டு வெளியேற்ற ஆனோடு சேர்ந்து திட்டம் போட்டவர் ஜேன். அது வெளியே தெரிந்து, வெளியேற்றப்பட்டதும் ஜேன்தான். நாத்தனாரை வெறுக்கிறவள் செய்கிற வேலையா இது? ஜார்ஜ் சிறையில் கிடந்தபோது எப்படி இருக்கிறார் என்று விசாரித்து, அவருக்காக அரசரிடம் மன்றாடுவேன் என்று சொல்லி அனுப்பியதைக் கோட்டைக் காவல் அதிகாரி கிங்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். ஜேனின் தகப்பனார் மோர்லி பிரபு அந்த விசாரணையில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பிரபுக்களில் ஒருவர். மருமகனுக்கு எதிராக அவரும்தான் தீர்ப்புச் சொன்னார். அவரை யாரும் வில்லன் என்பதில்லை.

சரி, பழி எப்போது வந்தது? 1558இல் ஆனின் மகள் எலிசபெத் அரியணை ஏறினார். இப்போது ஆன் குற்றமற்றவள் என்று எழுதியாக வேண்டும். ஆனால் அவளைக் கொன்றது அரசியின் தகப்பன். அவரைக் கொலைகாரன் என்று எழுதினால் எழுதியவன் கழுத்து தப்பாது. ஆக, அரசர் ஏமாற்றப்பட்டார், ஏமாற்றியவள் ஒருத்தி என்று கதை திரும்புகிறது. ஜார்ஜ் வையட் என்பவர் ஜேனைக் கணவனைக் காட்டிக்கொடுத்த கெட்ட மனைவி என்று எழுதியது இந்தக் காலத்தில்தான். ஜேனுக்குப் பிள்ளை இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. பழி போட வசதியான ஆள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மலாக்கா சரித்திரம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1510இல் சுல்தான் மகமுட் ஷா, பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் முத்தாகிரைக் குடும்பத்தோடு கொன்றார். அவர் மகள் துன் பாத்திமா மேல் சுல்தானுக்கு இருந்த ஆசையும் ஒரு காரணம் என்று பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவே சொல்கிறது. ஆனால் நம் நினைவில் நிற்பது யார்? கோள் மூட்டிய கித்துலும் ராஜா முதலியாரும். ராஜா முதலியார் தமிழ் வணிகர், அதனால் நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். கோள் சொன்னது தப்புதான். கேட்டுக்கொண்டு வாளை அனுப்பியது யார் கை?

எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் துரை பங்களா ஆயாக்களைப் பற்றிச் சொல்வார்கள். துரையம்மாவின் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் ஆயா மாட்டேன் என்று சொல்ல முடியாது. கொண்டு போனதைத் துரையிடம் மறைக்கவும் முடியாது. விஷயம் வெடித்தால் துரையும் துரையம்மாவும் அடுத்த வாரமே சமாதானமாகி கிளப்புக்குப் போவார்கள், ஆயா மூட்டை கட்டிக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புவாள். லயத்துப் பெண்களும் அவளைத்தான் ஏசுவார்கள். ஜேன் பிரபு வீட்டுப் பெண், பட்டு உடுத்தியவர் என்பது உண்மை. ஆனாலும் ராணியின் அறைக்குள் அவர் நிலை இதுதான். வேலையை விட்டுப் போகவும் வழியில்லை. ஜார்ஜ் தண்டிக்கப்பட்டதும் சொத்து அரசருக்குப் போய்விட்டது. விதவைக்கு மாமனார் தர வேண்டிய பணமாக வருஷத்துக்கு 100 மார்க்தான் (சுமார் 67 பவுண்ட்) உறுதியாக இருந்தது, குரோம்வெல்லுக்குக் கெஞ்சிக் கடிதம் எழுதித்தான் அதை 100 பவுண்டாக உயர்த்த முடிந்தது. திரும்ப அரண்மனை வேலைக்குப் போனார் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி ஹென்றியின் ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹவர்ட் விவகாரம். இதில் நான் ஜேனுக்கு முழு வக்காலத்து வாங்கப் போவதில்லை. 1541இல் அரசர் வடக்கே பயணம் போனபோது லிங்கன், பொன்டிஃப்ராக்ட், யார்க் என்று போகிற இடமெல்லாம் அரசரின் அந்தரங்க ஊழியர் தாமஸ் கல்பெப்பர் ராணியைச் சந்திக்க ஜேன் கதவைத் திறந்து வைத்தார், இரவில் காவலும் இருந்தார். லிங்கனில் காவலாளி பின்கதவைப் பூட்டிவிட, கல்பெப்பரின் ஆள் பூட்டை நெம்பித் திறந்து உள்ளே விட்டான். ஐந்து வருஷத்துக்கு முன் இப்படிப்பட்ட குற்றச்சாட்டில் கணவனையே இழந்தவர் இதில் ஏன் கால் வைத்தார்? என் அபிப்பிராயம், முதல் கடிதத்துக்கோ முதல் சந்திப்புக்கோ சரி என்று சொன்ன பிறகு அவருக்குத் திரும்பும் வழியே இல்லை. அரசரிடம் போய்ச் சொன்னால் இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று அதற்கே தலை போகும். பிடிபட்டதும் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். ஜேன்தான் நச்சரித்தாள் என்றார் கேத்தரின். கல்பெப்பரும் அதையே சொன்னார். ஆனால், ராச்ஃபர்ட் சீமாட்டி இங்கே இருக்கும்போது வா என்று கல்பெப்பருக்குக் கடிதம் எழுதியது கேத்தரின். அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.

சிறைக்குப் போன மூன்றாம் நாளே ஜேனுக்குப் புத்தி பேதலித்தது என்று சாப்புயி எழுதுகிறார். பைத்தியம் பிடித்தவரைக் கொல்ல அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஹென்றி இரண்டு காரியம் செய்தார். தேறட்டும் என்று தன் சொந்த வைத்தியர்களை அனுப்பினார், தேறினால்தானே தண்டிக்க முடியும். கூடவே, ராஜதுரோகம் செய்தவர் புத்தி பேதலித்திருந்தாலும் தண்டிக்கலாம் என்று சட்டத்தையே மாற்றினார். விசாரணை எதுவும் இல்லை, நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம், முடிந்தது. இதைச் செய்தவரைத்தான் நம் தொடர்களில் ஆறு பெண்டாட்டி கட்டிய குண்டு ராஜா என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

1542 பிப்ரவரி 13 அன்று கேத்தரினுக்கு அடுத்து ஜேன். கணவன் மேல் பொய் சொன்னதற்கு இது தண்டனை என்று கொலைமேடையில் அவர் ஒப்புக்கொண்டதாகவும் ஒரு கதை உண்டு. அங்கே நின்று பார்த்த ஒட்வெல் ஜான்சன் என்ற வணிகர் இரண்டு நாள் கழித்துத் தன் சகோதரருக்கு எழுதினார். இருவரும் நல்லபடி பேசி, கடவுளை நினைத்து இறந்தார்கள் என்கிறார். ஜார்ஜைப் பற்றி ஜேன் பேசியதாக அதில் ஒரு வரிகூட இல்லை. அக்கா மகள் அடுத்த தொடரைப் பார்க்க ஆரம்பிக்கும் முன் அவளிடம் காட்ட வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான்.