எவோ 3 என்ஜின் போட்ட வீராவுக்கு மலிவு டர்போ வேண்டாம்

புரோட்டான் வீராவில் மிட்சுபிஷி லேன்சர் எவோ 3 காரின் என்ஜினை ஏற்றி வைத்திருக்கும் தம்பிகள் சில பேர் இந்த மாதம் ஒரே கேள்வியை இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, ஆன்லைன்ல புத்தம் புது 16ஜி டர்போ ஆயிரம் வெள்ளிக்குள்ள கிடைக்குது. போடலாமா?"

16ஜி என்பது எவோ 3-இல் வந்த டர்போவின் மாடல் பெயர். தம்பிகள் கேட்பது அந்தப் பெயரில் வரும் காப்பியை. போடாதே. இது என் பதில். ஆனால் காரணம் சொல்லாமல் போடாதே என்றால் எந்தத் தம்பியும் கேட்கப் போவதில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆசையில் தப்பு இல்லை. 1993-இல் வந்த புரோட்டான் வீரா அடிப்படையில் மிட்சுபிஷி லேன்சர்தான். அதனால்தான் லேன்சர் எவோவின் 4ஜி63 டர்போ என்ஜின் அதில் அவ்வளவு பாந்தமாக உட்காருகிறது. 1995 எவோ 3-க்கு 270 குதிரைத்திறன். 1.5 வீராவோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் ஊரில் ஒரு தலைமுறைப் பையன்கள் பழைய காரைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்கட் கடைகளில் அலைந்து திரிந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து இந்தக் காடியைக் கட்டியிருக்கிறார்கள். வெட்டிச் செலவு என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே கட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு பெட்டிச் சாமானால் அது நாசமாகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

ஹாஃப்கட்டோடு வந்த டர்போவுக்கு இப்போது முப்பது வயது. புகை தள்ளும், பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறாது. அதை மாற்ற நினைப்பது நியாயம்தான். கேள்வி எதைப் போடுவது என்பதில்தான் இருக்கிறது.

டர்போவுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஷாஃப்ட், அதன் இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். ஒரு பக்கச் சக்கரத்தைச் சுற்றுவது 900 டிகிரி வரை சூடான எக்ஸாஸ்ட் புகை. இன்னொரு பக்கம் கம்ப்ரசர் சக்கரம், வெளிக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிப்பது அதுதான். நடுவில் ஷாஃப்டைத் தாங்குவது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டும்தான். முழு பூஸ்டில் அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கம்ப்ரசர் சக்கரத்தின் விளிம்பு ஒலியைவிட வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடினால் போதும், பேரிங்கைத் தின்றுவிடும்.

எவோவுக்கு டர்போ செய்தது மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். இந்த மாதிரி நிறுவனங்கள் நடுப்பகுதியை மெஷினில் அதிவேகத்தில் சுற்றவிட்டுப் பார்த்து, எடை கூடிய இடத்தில் துளி உலோகத்தைச் சீவி எடுக்கின்றன. பெரிய டர்போ நிறுவனங்கள் சோதனைக்கூடத்தில் சக்கரத்தை வேண்டுமென்றே வெடிக்கவிட்டு, துண்டுகள் டர்போவின் வெளிக்கூடான ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வராமல் இருக்கின்றனவா என்றுகூடப் பார்க்கின்றன. எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் இன்கோனல் மாதிரியான நிக்கல் கலவையில் வார்த்தது. நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்த வேலைகளுக்குத்தான் போகிறது. காப்பி அடிப்பவன் வடிவத்தைக் காப்பி அடிக்கலாம். இந்த வேலைகளை அப்படி அடிக்க முடியாது.

போன வருஷம் கிள்ளானில் நண்பரின் பட்டறைக்கு ஒரு காப்பி டர்போ வந்தது. பெட்டியைப் பிரித்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது, பளபளவென்று. என்ஜினில் மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் வைத்துச் சோதித்தோம். ஆயில் நுழையும் துளைக்குள் ஒரு வெள்ளைத் துணியை முறுக்கிவிட்டு எடுத்தால் கறுப்பாக மணல் ஒட்டி வருகிறது. வார்ப்பு மணல், அதோடு கடைசல் தூள். அது நேராகப் பேரிங்குக்குத்தான் போகும். ஷாஃப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லேசாக ஆடலாம், ஆயில் இல்லாத நிலையில் அது சகஜம். ஆனால் முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் கைக்கு ஆட்டமே தெரியக்கூடாது. இதில் 'டக் டக்' என்று சத்தமே கேட்டது. அதிகப்படி எக்ஸாஸ்டைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் கதவை மூடி வைத்துப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் ஒரு பக்கம் நிலாப் பிறை மாதிரி வெளிச்சம். கம்ப்ரசர் நட்டிலும் சக்கரத்திலும் பேலன்ஸ் செய்ததற்கான ஒரு கீறல்கூட இல்லை. பெயர்த்தகட்டில் மட்டும் 16ஜி என்று அழகாக எழுதியிருந்தது.

விலை குறைந்தது எல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. தைவானிலிருந்து சொந்தப் பெயரில் டர்போ செய்து விற்பவர்கள் இருக்கிறார்கள். என்ன உலோகம், என்ன பேரிங் என்று சொல்கிறார்கள், உதிரிச் சாமானும் கிடைக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இன்னொருவன் பெயரைப் பொறித்து, செய்தவன் யாரென்றே தெரியாமல் வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன். உடைந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இப்போது பட்டறைகளைப் பற்றியும் பேச வேண்டும். நல்ல டர்போவையே சில மாதத்தில் கொன்றுவிடும் ஃபிட்டிங் நம் ஊரில் நடக்கிறது. புகை வந்தால் உடனே "சீல் போச்சு, வேற டர்போ போடு" என்பார்கள். டர்போவுக்குள் நாம் நினைக்கிற மாதிரி ரப்பர் சீல் கிடையாது. பிஸ்டன் ரிங் மாதிரி சின்ன உலோக வளையம்தான் இருக்கிறது. ஆயிலை உள்ளே நிறுத்தி வைப்பதில் பெரும்பங்கு இரண்டு பக்கமும் இருக்கும் காற்றழுத்தத்துக்கும், ஆயில் தடையில்லாமல் கீழே வடிவதற்கும் உண்டு. பேரிங்கைக் கடந்து வரும் ஆயில் நுரையாகத்தான் வரும், தன் எடையில், என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்க வேண்டும். வடிகுழாய் ஒல்லியாக இருந்தாலோ, நடுவில் வளைந்து தொங்கினாலோ, ஆயில் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர்ந்தாலோ அது வடியாது. வடியாத ஆயில் வளையத்தைத் தாண்டி எக்ஸாஸ்டுக்குப் போய்ப் புகையும். என்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க்கேஸ் மூச்சுவிட முடியாமல் அழுத்தம் ஏறினாலும் இதே கதைதான்.

அதைவிடக் கொடுமை சிலிக்கோன் பசை. வடிகுழாய் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சிலிக்கோனைப் பிதுக்கித் தடவி போல்ட்டை இறுக்குகிறார்கள். வெளியே சுத்தமாகத் தெரியும். உள்ளே பிதுங்கியது துளையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த டர்போ புகைகிறது, மாற்றுகிறார்கள். அடுத்ததும் புகைகிறது, அதையும் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தம்பிதான் காசு கொடுக்கிறான். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

டர்போ உடைந்தால் டர்போ மட்டும் போகாது. முதலில், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் தேயும். பிறகு கம்ப்ரசர் சக்கரம் ஹவுசிங்கை உரசும். உரசிய அலுமினியத் தூள் ஆயிலோடு கலந்து, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் போய் உட்காரும். புது டர்போ மாட்டும் அவசரத்தில் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவ யாருக்கும் ஞாபகம் வராது. அடுத்த முழு பூஸ்டில் அந்தத் தூளை என்ஜின் இழுத்துக்கொள்ளும். ஆயிரம் வெள்ளியில் மிச்சம் பிடித்தது அங்கே சிலிண்டர் சுவரில் கீறலாக நிற்கும்.

இன்னொன்று பூஸ்ட். ஒழுங்காக மூடாத, ஒழுங்காகத் திறக்காத வேஸ்ட்கேட் என்றால் பூஸ்ட் உங்கள் பேச்சைக் கேட்காது. எவோ 3-இல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரிஜினல் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 510 சிசி. அது ஈடுகட்டும் அளவுக்கு மேல் காற்றைத் திணித்துவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால் கலவை மெலிந்து நாக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும். பெடரல் ஹைவேயில் சில விநாடி மிதித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு விடாமல் மிதியுங்கள், அங்கே தெரியும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைவது இந்த மாதிரி நேரத்தில்தான். முழு பூஸ்டில் காற்றும் பெட்ரோலும் 11.5-க்கு 1 என்ற அளவில் இருக்கிறதா என்று, கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் பார்த்தால்தான் உண்டு. காதால் கேட்டு டியூன் பண்ணுகிறேன் என்பவரிடம் காடியைக் கொடுக்காதீர்கள்.

"ஒரிஜினல் 16ஜி சின்னது, பவர் பத்தாது" என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒன்று. 2002-இல் நம் கரம்ஜித் சிங், புரோட்டான் பெர்ட் ஓட்டி புரொடக்‌ஷன் பிரிவில் உலக ராலி சாம்பியன் ஆனார். அந்த பெர்ட், புரோட்டான் பெயரில் வந்த எவோ 6-தான். அந்தப் பிரிவின் விதிப்படி டர்போ தொழிற்சாலையில் வந்தபடியே இருக்க வேண்டும். போதாததற்கு அதன் வாயில் காற்றைக் கட்டுப்படுத்தும் 32 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வேறு. மூச்சை அடைத்துக் கட்டிய தொழிற்சாலை டர்போவோடு மலேசியர் ஒருவர் உலகப் பட்டம் அடித்திருக்கிறார். நமக்கு ஷா ஆலம் ரவுண்டபவுட்டுக்கு எவ்வளவு வேண்டும்?

காசு இல்லாதவன் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் சொல்வது, பழைய ஒரிஜினல் டர்போவைத் தூக்கி எறியாதீர்கள். ஹவுசிங்கில் பெரிய விரிசல் இல்லை, சக்கரத்தில் பல் உடையவில்லை என்றால் அது ரீபில்ட் செய்யக்கூடியதுதான். நல்ல பேரிங் கிட் போட்டு, மெஷினில் பேலன்ஸ் செய்து, ரிப்போர்ட்டோடு கொடுக்கும் கடையில் கொடுங்கள். காப்பி டர்போவின் விலையைவிடக் கொஞ்சம் கூட வரலாம், அவ்வளவுதான். அதற்கும் முன்னால் செலவு செய்ய வேண்டியது ஆயில் குழாய்களுக்கும், பூஸ்ட் மீட்டருக்கும், வைட்பேண்டுக்கும், என்ஜின் பவரை அளக்கும் டைனோவில் ஒரு நல்ல டியூனுக்கும். இதெல்லாம் முடியும்வரை பூஸ்டைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள். எங்கள் பசங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பெரிய டர்போ, மீட்டர் அடுத்த சம்பளத்தில். அடுத்த சம்பளம் வருவதற்குள் என்ஜின் திறந்து கிடக்கிறது. என்ஜின் மாற்றியதை வாகனச் சோதனை மையமான புஸ்பாகோமில் காட்டி, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் கிராண்டில் (காரின் பதிவுச் சான்றில்) ஏற்றாமல் ஓட்டுபவர்கள் அதையும் முடித்துவிடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் புரட்டுவது அதைத்தான்.

கடைசியாக, டர்போவுக்கு ஆயில் கொண்டு போகும் குழாயைப் பற்றி. இன்று ராத்திரியே பானட்டைத் திறந்து பாருங்கள். சாதாரண ரப்பர் ஹோஸும் ஹோஸ் கிளிப்பும் இருந்தால் காடியை எடுக்காதீர்கள். அழுத்தத்தோடு போகும் ஆயில் அது. கிளிப் நழுவினால் சிவந்து கிடக்கும் எக்ஸாஸ்ட் ஹவுசிங் மேல்தான் பீய்ச்சும், உடனே தீதான். உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட குழாயை முறையான ஃபிட்டிங்கோடு போடுங்கள், மேனிஃபோல்டில் படாமல் கட்டுங்கள். கூடவே ஒரு தீயணைப்பான் வாங்கி வையுங்கள். அதை பூட்டில் போடாதீர்கள், ஓட்டுபவர் கைக்கு எட்டுகிற மாதிரி சீட்டுக்கு முன்னால் மாட்டுங்கள்.